தெய்வக்காற்றும் நடுகல்லும்: ஜப்பானிய ஆட்சிக்கால மலேசியத் தமிழ் நாவல்களில் ‘விரும்பி ஏற்ற சாவு’

முன்னுரை

மலேசியத் தமிழ் நாவல் வரலாற்றில் ஜப்பானிய ஆட்சிக்காலம் தனித்ததொரு பாடுபொருளாக நிலைபெற்றுள்ளது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, ‘லங்காட் நதிக்கரை’, ‘இமையத் தியாகம்’ ஆகியன இவ்வகையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை. தமிழகத்தில் வெளிவந்தனவாயினும் மலாயா, சுமத்திரா வாழ்வைக் களமாகக் கொண்ட ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரண்டையும் இவற்றோடு சேர்த்தே நாம் கருதவேண்டும்.

இந்நாவல்களை மதிப்பிடுங்கால் நம் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் இரண்டு சொற்களைக் கையாள்கின்றனர். ஒன்று தியாகம், மற்றொன்று அவலம். இந்திய தேசிய இராணுவத்தைப் பாடுபொருளாகக் கொண்டவை தியாகத்தின் பக்கமும், சயாம்–பர்மா இரயில் பாதையைப் பாடுபொருளாகக் கொண்டவை அவலத்தின் பக்கமும் வைக்கப்படுகின்றன. முன்னதில் மாந்தர் சாவை விரும்பி ஏற்கின்றனர் என்றும், பின்னதில் சாவு அவர்கள்மீது சுமத்தப்படுகிறது என்றும் கொள்ளப்படுகிறது. எனவே முன்னவர் வீரர், பின்னவர் இரங்கத்தக்கவர். இப்பாகுபாடு ஏற்கத்தக்கதுதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினாவிற்கு விடை காண, அதே போரில் ‘விரும்பி ஏற்ற சாவு’ என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டாய் விளங்கும் ஜப்பானியத் தற்கொலை வானோடிகளைப் பற்றிய ஆய்வுகள் நமக்குத் துணைபுரிகின்றன. அவற்றின் ஒளியில் நம் நாவல்களை மலாக்காத் தோட்டப்புறத்தின் நிலையிலிருந்து மீண்டும் படித்துப் பார்க்க இங்கு முற்படுகிறோம்.

தெய்வக்காற்று: பெயரும் படையும்

‘காமிகாசே’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் ‘தெய்வக்காற்று’ என்று பொருள் கூறலாம். 1274ஆம் ஆண்டிலும் 1281ஆம் ஆண்டிலும் ஜப்பான்மீது படையெடுத்து வந்த மங்கோலியக் கப்பல்களைச் சிதறடித்த புயலுக்கு அந்நாட்டார் இட்ட பெயர் அது. 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸ் தீவுகளில் தோல்வி நெருங்கிய வேளையில், துணைக் கடற்படைத் தலைவர் ஓனிஷி தகிஜிரோ வெடிகுண்டு சுமந்த விமானத்தோடு பகைக் கப்பல்மீது மோதி அழியும் சிறப்புத் தாக்குதல் படையை அமைத்தார். அக்டோபர் 25இல் செயின்ட் லோ என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் இத்தகைய தாக்குதலால் மூழ்கியது. அதன்பின் 1945 ஆகஸ்டில் போர் முடியும்வரை ஏறத்தாழ 3,800 வானோடிகள் இம்முறையில் மாண்டனர். ஓனிஷியும் ஜப்பான் சரணடைந்த மறுநாள் தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார்.

இலக்கிய மாணவர் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. முதலில் அமைக்கப்பட்ட நான்கு பிரிவுகளுக்கும் ஷிகிஷிமா, யமாத்தோ, அசாஹி, யமாசகுரா என்று பெயரிடப்பட்டது. இந்நான்கு சொற்களும் 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மோத்தோஓரி நோரினாகாவின் ஒரு சிறு பாடலிலிருந்து எடுக்கப்பட்டவை. காலைக் கதிரில் மலர்ந்து நிற்கும் மலைச் செர்ரிப் பூவை ஜப்பானிய உள்ளத்திற்கு ஒப்பிடும் பாடல் அது. மானிடவியல் அறிஞர் எமிக்கோ ஓனுக்கி–டியர்னி 2002இல் வெளியிட்ட நூலில், அப்பாடல் பூ மலர்வதைப் பாடியதேயன்றி உதிர்வதைப் பாடவில்லை என்று எடுத்துக்காட்டினார். மலர்ச்சியின் பாடலைப் படைத்துறை உதிர்வின் பாடலாக மாற்றிக்கொண்டது. மன்னனுக்காக உதிர்வதே அழகு என்னும் கருத்தைப் பள்ளிப்பாடமும் படைப்பாட்டும் பல்லாண்டுக் காலம் ஊட்டி வந்தன. ஆகவே, ‘விரும்பி ஏற்ற சாவு’ என்பதன் பின்னே கவிதையைத் திரித்துப் படித்த ஒரு வாசிப்பும் இருந்தது என்பது தெளிவாகிறது.

விருப்பம் பெறப்பட்ட முறை

1943 அக்டோபரில் ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதுவரை அளிக்கப்பட்டிருந்த படைச்சேவை விலக்கு நீக்கப்பட்டது. சிறப்புத் தாக்குதலில் மாண்ட அலுவலர் நிலை வானோடிகளில் கணிசமானோர் இவ்வாறு படிப்பை விட்டு வந்தவர்களே. ஓனுக்கி–டியர்னி 2006இல் வெளியிட்ட மற்றொரு நூல் அவர்களுடைய நாட்குறிப்புகளை ஆராய்கிறது. கான்ட், கேத்தே, மார்க்ஸ், ரோமன் ரோலண்ட் முதலியோரைக் கற்ற இளைஞர்கள் அவர்கள். ‘தொண்டர் முன்வருக’ என்னும் அழைப்பு நாட்டுப்பற்று முழக்கத்திற்குப் பின் திரண்ட கூட்டத்தின் நடுவே விடுக்கப்பட்டதையும், மறுப்பவர் தோழர் முன்னிலையில் தனித்து வெளிப்பட வேண்டியிருந்ததையும் அவ்வாய்வு விளக்குகிறது. அந்நிலையில் மறுக்கும் உரிமை பெயரளவினதே.

கேயோ பல்கலைக்கழக மாணவர் உவேஹாரா ரியோஜியின் எடுத்துக்காட்டு இதற்குப் போதுமானது. 1945 மே 11இல், 22ஆம் வயதில், சிரான் தளத்திலிருந்து புறப்பட்டு ஓக்கினாவாக் கடலில் அவர் மாண்டார். முதல்நாள் இரவு அவர் எழுதிய குறிப்பில், தாம் தன்னுரிமைக் கொள்கையினர் என்பதையும், வல்லாட்சி நாடுகள் தோற்றே தீரும் என்னும் தம் நம்பிக்கையையும் வெளிப்படையாகப் பதிவுசெய்திருந்தார். தம் நாடு தோற்கும் என அறிந்தவர், தோற்பதே முறை எனக் கருதியவர், அந்நாட்டின் பெயராலேயே சாகச் சென்றார். மாண்ட மாணவர்களின் எழுத்துகளைத் தொகுத்து 1949இல் வெளிவந்த ‘கடலின் குரலைக் கேளுங்கள்’ என்று பொருள்படும் தலைப்பையுடைய நூலில் அக்குறிப்பு இடம்பெற்றது. போருக்குப் பிந்திய ஜப்பானிய வாசகர், ‘வீரன்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காத மனிதரை அந்நூலின்வழி கண்டுகொண்டனர்.

இவற்றைக் கூறுவதால் அவ்வானோடிகளைக் குற்றமற்றவராக்க முனைவதாகக் கருதலாகாது. அவர்கள் எந்தப் பேரரசின் படையில் இருந்தார்களோ அதே பேரரசுதான் நம் தோட்ட மக்களைச் சயாமுக்கு ஏற்றிச் சென்றது. நாம் கருத்தில் கொள்வது ‘விருப்பம்’ என்னும் சொல்லை மட்டுமே. போர்க்காலத்தில் அது எவ்வாறு உருவாக்கப்படுகிறது, எவ்வாறு பெறப்படுகிறது, பிறகு எவ்வாறு புகழப்படுகிறது என்பதே நம் அக்கறை.

மலாயாவைத் தொட்ட காற்று

தற்கொலைத் தாக்குதல் பசிபிக் கடலுக்கு மட்டும் உரியதன்று. 1945 ஜூலை 26ஆம் நாள், மலாக்கா நீரிணையின் வடக்கு வாயிலை அடுத்த புக்கெட் கடற்பகுதியில், கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த வெஸ்டல் என்னும் பிரித்தானியக் கப்பல் இத்தகைய விமானமொன்றால் தாக்குண்டு கைவிடப்பட்டது. ஜப்பான் சரணடைய அப்போது மூன்று கிழமைகளே இருந்தன. அடுத்துவந்த செப்டம்பர் 9இல் பிரித்தானியப் படை மோரிப் கரையில் இறங்கியது; மலாக்காவுக்குச் சற்று வடக்கிலுள்ள போர்ட்டிக்சனும் அத்திட்டத்தில் அடங்கும். போர் நீடித்திருப்பின் அக்கரையோரத் தோட்டங்களின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இதனினும் நெருங்கிய தொடர்பு இந்திய தேசிய இராணுவத்தின் வழியாக அமைகிறது. 1944இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தென்கிழக்காசியாவில் வாழ்ந்த இந்திய இளைஞருள் ஏறத்தாழ 45 பேரைத் தேர்ந்து ஜப்பானுக்குப் படைப்பயிற்சிக்காக அனுப்பினார். ‘தோக்கியோ மாணவர்’ எனப்படும் இவர்களுள் ஒரு பகுதியினர் விமானப்படைப் பயிற்சி பெற்றனர். பின்னாளில் இந்திய விமானப்படையில் உயர்பதவி வகித்த ரமேஷ் பெனகல் அவர்களுள் ஒருவர். தற்கொலை வானோடிகளை உருவாக்கிய அதே அமைப்பில் நம்மவரும் பயின்றனர். அவர்களுடைய பயிற்சி முற்றுப்பெறுமுன் போர் முடிந்தது.

இராணுவத்திற்குள்ளும், ஜான்சி ராணிப் படையின் மகளிரிடையேயும், ‘ஜான்பாஸ்’ என்னும் பெயர் வழங்கியது. உயிரைப் பணயம் வைப்பவர் என்பது அதன் பொருள். தமிழில் தற்கொலைப் படை என்றே கூறுவர். ஆனால் இக்கருத்து ஜப்பானியரிடமிருந்து கடன்பெற்றதாகத் தோட்ட மக்களுக்குத் தோன்றியிருக்காது. வஞ்சினம், அவிப்பலி, வடக்கிருத்தல் எனப் புறத்திணை மரபிலும், வேளைக்காரர், தென்னவன் ஆபத்துதவிகள் எனப் பிற்கால அரசர் வரலாற்றிலும், உயிரைக் கொடுப்பதாக உறுதிபூணும் மரபு தமிழர்க்குப் பழக்கமானதே. வெளியிலிருந்து வந்த அழைப்பு உள்ளேயிருந்த மரபைத் தொட்டது எனலாம். இலங்கைப் போருக்குப் பின் ‘தற்கொலைப்படை’ என்னும் தமிழ்ச்சொல் வேறு பல கனத்த பொருள்களையும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே இன்று இந்நாவல்களைப் படிக்கும் வாசகர், அச்சொல்லின் பிற்கால நிழலை 1943ஆம் ஆண்டின்மீது படியவிடாமல் படித்தல் வேண்டும்.

மலாக்காத் தோட்டங்களும் இரண்டு வழிகளும்

மலாக்கா, மலாயாவின் ரப்பர்த் தொழிலுக்குத் தொட்டில். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார்; அதனைத் தொடர்ந்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பூலாவ் செபாங் வட்டாரங்களின் லயங்களில் தமிழர் குடியேறினர். 1942 ஜனவரி நடுவில் மலாக்கா ஜப்பானியர் வசமானது. ரப்பருக்கு வாங்குவோர் இல்லாமற்போயினர். அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. வாழைமர நோட்டு மதிப்பிழந்தது. பால்மரம் வெட்டி வாழ்ந்தவர்க்கு மரம் இருந்தது, வேலை இல்லை.

அந்நிலையில் மலாக்காத் தமிழரின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சயாமுக்குச் செல்வது. சிறிது காலமே வேலை, நல்ல கூலி, உணவு உண்டு என்னும் உறுதிமொழிகளுடனும், அது பலிக்காத இடங்களில் வலுக்கட்டாயமாகவும் ஆள் திரட்டப்பட்டது. தோட்ட நிர்வாகத்திடம் ஆள்தொகை கேட்கப்பட்டபோது கிராணியும் கங்காணியும் பெயர் கொடுக்க வேண்டியவராயினர். மற்றொன்று 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபின் பெருகிய இந்திய தேசிய இராணுவத்தில் சேர்வது. சயாமுக்குப் பிடித்துச் செல்லப்படுவதிலிருந்தும் பட்டினியிலிருந்தும் தப்பும்பொருட்டுத் தோட்டத் தமிழர் பலர் அவ்விராணுவத்தில் சேர்ந்தனர் என்பதை வரலாற்றாசிரியர்கள் சுட்டியுள்ளனர்.

மலாக்காவுக்கே உரிய செய்தி மற்றொன்றும் உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு ஓடிய கிளை இரயில் பாதையை ஜப்பானியர் பெயர்த்தெடுத்தனர். அதன் தண்டவாளங்கள் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. போருக்குப் பின்னும் அப்பாதை மீண்டும் போடப்படவில்லை. இன்றும் மலாக்கா நகருக்கு இரயில் கிடையாது. பயணிகள் பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்கிச் சாலைவழி வருகின்றனர். ஆளும் தண்டவாளமும் ஒரே திக்கில் ஏற்றிச் செல்லப்பட்ட மாநிலத்தில் நின்று பார்க்குங்கால், ‘தியாகம்’, ‘அவலம்’ என்னும் பகுப்பு ஐயத்திற்குரியதாகிறது. ஒரே லயத்தின் அண்ணன் சயாமுக்கும் தம்பி இராணுவத்திற்கும் சென்றிருக்கக்கூடிய காலம் அது. இருவரையும் அசைத்த நெருக்கடி ஒன்றே.

நாவல்களில் விருப்பமும் கட்டாயமும்

நாம் எடுத்துக்கொண்ட நாவல்களுள் ‘லங்காட் நதிக்கரை’ சிலாங்கூரையும், சிங்காரத்தின் நாவல்கள் மேடானையும் பினாங்கையும் முதன்மைக் களமாகக் கொண்டவை. ஆயினும் மலாக்காத் தோட்டங்களின் அனுபவம் அவற்றிற்கு அயலானதன்று.

சிங்காரம் போர்க்காலத்தை இந்தோனேசியாவில் நேரில் கண்டவர். வீரத்தை முழுமையாக நம்பாத எழுத்து அவருடையது. ‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா இராணுவத்திலிருந்து மீண்டு பினாங்கில் வட்டிக்கடைப் பணிக்குத் திரும்புகிறான். அவன் விரும்பும் மரகதத்தின் தந்தையான முதலாளி, பட்டாளத்தில் சேர்ந்தவன் இனிக் கடைக்கும் குடும்பத்திற்கும் ஒத்துவர மாட்டான் என்று கருதுகிறார். நாட்டுக்காகச் சாகத் துணிந்தவனுக்கு அத்துணிவே வாழ்வில் குறையாக முடிகிறது. ‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியனோ துணிச்சலின் உச்சியில் நிற்பவன், அவனைச் சூழ்ந்த பேச்செல்லாம் பழம்பெருமையை எள்ளி நகையாடுகிறது. தமிழரின் வீர மரபைக் கற்றறிந்தும் அதன்மீது சற்றே சிரிப்பவர் சிங்காரம். உயிரைக் கொடுக்கும் விருப்பத்தை அவர் மறுக்கவில்லை; ஆனால் அதைப் புகழ்மொழிக்கு ஒப்படைக்கவும் இல்லை. நம் திறனாய்வில் இப்பண்பு ‘அங்கதம்’ என்னும் நடைக்கூறாக மட்டும் சுருக்கப்படுவது பொருந்தாது. அது போர்க்கால விருப்பத்தைப் பற்றிய ஒரு தீர்ப்பும் ஆகும்.

அ. ரெங்கசாமியின் நிலை வேறு. நேதாஜியையும் அவர்தம் படையையும் போற்றும் நாவலுக்கு அவர் ‘இமையத் தியாகம்’ என்று பெயரிட்டார். சயாம் பாதையில் மாண்டவரைப் பற்றிய நாவலுக்கு ‘நினைவுச் சின்னம்’ என்று பெயரிட்டார். இவ்விரு தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. முதல் தலைப்பு ஒரு செயலைப் பெயரிட்டுப் போற்றுகிறது. இரண்டாவது தலைப்போ கதைக்குள் நிகழ்ந்த எதையும் பெயரிடவில்லை. நாவல் தான் செய்ய விழையும் பணியையே பெயராகக் கொண்டுள்ளது. கல் எழுப்பப்படாதவர்க்கு நூலே கல்லாக நிற்கிறது. தியாகம் என்னும் சொல்லை இரயில் பாதையில் மாண்டவர்க்கு ஆசிரியர் வழங்கவில்லை. அதற்காக அவர்களை இரக்கத்திற்குரிய பொருளாக மட்டும் விட்டுவிடவும் இல்லை. திறனாய்வாளர் காணத் தவறிய இடத்தில் படைப்பாளர் மூன்றாவது வழியொன்றைக் கண்டுள்ளார் எனலாம்.

எனினும் ‘இமையத் தியாகம்’ போன்ற நாவலை நாம் வேறொரு வினாவுடனும் அணுகவேண்டும். படையில் சேர்வோரின் உறுதிமொழி எப்பின்னணியில் பிறந்தது? மேடை முழக்கம், திரண்ட கூட்டம், அருகில் நிற்கும் தோழனின் பார்வை, வீட்டில் இல்லாத அரிசி, கங்காணியின் பெயர்ப்பட்டியல் ஆகியவற்றை நாவல் எந்த அளவிற்குக் காட்டுகிறதோ அந்த அளவிற்கு அத்தியாகம் மனிதத் தன்மை பெறும். இவற்றை மறைத்துவிட்டு உறுதிமொழியை மட்டும் ஒலிக்கச்செய்தால், உவேஹாராவை வெறும் செர்ரிப் பூவாக்கிய படைத்துறையின் வாசிப்புக்கே நாமும் வந்துசேர்வோம்.

இதற்கு எதிராக ஒரு கருத்து எழக்கூடும். ‘கூலி’ என்று அழைக்கப்பட்ட தோட்டத் தமிழர், சீருடை அணிந்து முதன்முறையாக மனிதராக நிமிர்ந்து நின்ற களம் அவ்விராணுவம். அதனை நெருக்கடியின் விளைவென்று கூறுதல் அவர்களைச் சிறுமைப்படுத்தாதா? இக்கருத்தில் உண்மையுண்டு. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் தோட்டக் குடும்பத்தினர்; லயத்தைவிட்டு வெளியேறித் துப்பாக்கி ஏந்தியமை அவர்தம் வாழ்வில் பெருந்திருப்பம். ஆயினும் நெருக்கடிக்குள் ஒருவர் செய்யும் தேர்வும் தேர்வே. அதன் மதிப்பு குறைவதில்லை. நாம் மறுப்பது தேர்வு செய்ய வாய்க்காதவரைக் கீழ்ப்படியில் வைக்கும் அளவுகோலை மட்டுமே.

நடுகல் யாருக்கு

தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் மரபை ஆறு நிலைகளாக வகுக்கிறது. அம்மரபில் கல் பெறுபவன் போரில் பொருது வீழ்ந்தவன். அவன் பெயரும் பீடும் கல்லில் பொறிக்கப்படும். சாவை எதிர்கொண்ட முறையே கல்லுக்குத் தகுதியளித்தது.

20ஆம் நூற்றாண்டின் நினைவுச் சின்னங்களும் ஏறத்தாழ இம்முறையையே பின்பற்றின. ஜப்பானின் சிரான் நகரிலுள்ள அருங்காட்சியகத்தில், ஓக்கினாவாப் போரில் மாண்ட தரைப்படைச் சிறப்புத் தாக்குதல் வானோடிகள் 1,036 பேரின் நினைவு, ஒளிப்படம், கடிதம், பெயர் என ஆளுக்கு ஆள் பேணப்படுகிறது. தாய்லாந்தின் காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுக் கைதிகள் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையில் 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் சாவோ அதனைப் பன்மடங்கு விஞ்சியது. அவர்களுள் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர். ஆனால் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை இல்லை. தோட்டத்துப் பெயர்ப்பேரேட்டில் ‘சயாம்’ என்று குறிக்கப்பட்டுத் திரும்பாதவர், குடும்பத்தார் நினைவில் மட்டுமே வாழ்ந்தனர்.

இக்குறையை நீக்கும் முயற்சியாக, 2023இல் தாய்லாந்துத் தமிழர்களின் முன்னெடுப்பில் காஞ்சனாபுரியில் மாண்ட தமிழருக்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘நடுகல்’ என்பதாகும். இலக்கிய வரலாற்று நோக்கில் இது சிறிய செய்தியன்று. பொருது வீழ்ந்தவர்க்கு உரியதாயிருந்த சொல், மண் சுமந்தும் மரம் வெட்டியும் வாந்திபேதியில் வீழ்ந்தவர்க்கு வழங்கப்பட்டுள்ளது. சாவை விரும்பினாரா இல்லையா என்னும் வினா அங்கே எழுப்பப்படவில்லை. ‘நினைவுச் சின்னம்’ என்னும் தலைப்பின்வழி ஒரு மலேசியத் தமிழ் நாவலாசிரியர் முன்னரே கேட்டதைப் பின்னர் வந்தோர் கல்லில் நிறைவேற்றியுள்ளனர்.

முடிவுரை

ஜப்பானியத் தற்கொலை வானோடிகளின் எழுத்துகள் நமக்கு உணர்த்துவது, போர்க்காலத்து ‘விருப்பம்’ என்பது பள்ளி, பாட்டு, கூட்டம், அச்சம், நட்பு ஆகியன சேர்ந்து உருவாக்கும் ஒன்று என்பதே. இவ்வுண்மையை ஏற்றால், விரும்பிச் செத்தவர், கட்டாயத்தால் செத்தவர் எனப் பிரித்து முன்னவர்க்கு இலக்கியத் தகுதியைக் கூட்டியும் பின்னவர்க்குக் குறைத்தும் வழங்கும் திறனாய்வு நிலைக்காது. இந்திய தேசிய இராணுவ நாவல்களில் நெருக்கடியையும், சயாம் பாதை நாவல்களில் மாந்தரின் உறுதியையும் தேடிப் படிப்பதே இனி நாம் செய்யத்தக்கது. உடன் வேலை செய்த நோயாளிக்குக் கஞ்சி ஊட்டியவனின் செயலில், உறுதிமொழியில் கையொப்பமிட்டவனின் துணிவுக்குக் குறையாத தேர்வு உண்டு.

மலாக்காத் தோட்டங்கள் பல இன்று துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் விட்டன. லயங்கள் மறைய, அவற்றில் வாழ்ந்த தலைமுறையும் மறைந்து வருகிறது. அக்காலத்தை நேரில் கண்டவர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். சயாமுக்குச் சென்றோரின் பெயர்களைக் குடும்பத்தாரிடமிருந்து ஜாசின், அலோர் காஜா, மத்திய மலாக்கா என வட்டாரந்தோறும் திரட்டுதல் தமிழ் ஆய்வு மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. நாவல்கள் தம் பங்கை ஆற்றியுள்ளன. கல்லில் பொறிக்கப்பட வேண்டிய பெயர்கள் இன்னும் எழுதப்படாமலேயே உள்ளன.